ஐம்பது சாளை

நீரோடியில் ஏலம் முடியுமுன் ஐம்பது எடுத்துவிட வேண்டும்.
பொறுக்கக் கூடாது. பெட்டியின் அடிவரை கைவிட்டு
வந்ததை எடுக்க வேண்டும்.
பெரியதைத் தேடிப்போகும் விரல்களை
முதல் ஆறு மாதம் அதட்டிக்கொண்டே இருந்தேன்.
நான் குலசேகரத்துக்காரி, ரப்பர் நாடு.
மரச்சீனிக்குப் பக்கத்தில், குழம்பில் கிடக்கும்போதுதான்
சாளையை அதற்குமுன் கண்டிருக்கிறேன்.

"காசு குடுத்து வாங்கி கீறிப் பாக்கியதுக்கா?"
குட்டையை இடுப்புக்கு மாற்றியபடி மிக்கேலம்மா கேட்கிறாள்.
"பேறு பாக்க வந்தவளாக்கும்" என்கிறாள் அடுத்தவள்.
சிரிப்பு அலைவாய்வரை போய்த் திரும்புகிறது.
பொய்யில்லை. வயிறு திறந்து
முட்டைப்பையின் நிறம் பார்த்து
ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போடுவது என் உத்தியோகம்.
இன்று நாற்பத்தொரு மீனுக்கு ஒன்று.
இன்னும் எதற்கும் ஆகாத பிள்ளைகள்.

மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பதினொன்று புள்ளி எட்டு.
பன்னிரண்டு.
அளவுப்பலகையில் பதினைந்தாம் கோட்டின்மேல்
போன வருடத்துச் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது.
இந்த வருடம் எந்த வாலும் அதைத் தொடவில்லை.

கரையில் யாரும் குறைவு என்று சொல்லவில்லை.
வள்ளம் வள்ளமாய்ச் சாளை.
காக்கைகூடக் கண்டுகொள்ளாமல் நடக்கிறது.
விலை விழுந்துவிட்டது, மிச்சமெல்லாம்
கோழித்தீவன லாரிக்கு மண்வெட்டியால் அள்ளுகிறார்கள்.
நிறைய இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு.
இத்தனை மீனுக்கு நடுவில் கணுக்கால் புதைய நின்றுகொண்டு
அதை எந்த வாயால் சொல்வது?
ஒன்றைப் பிளந்து கிளீட்டஸிடம் நீட்டினேன்.
பெருவிரலால் வயிற்றை ஒரு தரம் வழித்தார்.
"நெய் இல்ல பிள்ளே. வறுத்தா சட்டி காயும்."
என் படிவத்தில் அதன் பெயர் கொழுப்புக் குறியீடு,
இரண்டு தசமத் தானம்.

காதுக்கல் எடுப்பதுதான் பாடு.
குருணையைவிடச் சிறியது. நகத்தில் ஒட்டும்,
இருமினால் போயிற்று.

கீறியதை மிக்கேலம்மா பாதி விலைக்குத் திருப்பி வாங்கினாள்.
குழம்புக்கு அறுக்கிற வேலை மிச்சமாம்.

நடந்தால் பத்து நிமிடம், பொழியூர்.
அங்கே பிரமீளா. இதே பலகை, இதே ஐம்பது.
பேச்சில் அவளுக்கும் சாளைதான்,
பதிவேட்டில் மட்டும் மத்தி.
மாதக் கடைசியில் போனில் ஒத்துப் பார்த்தபோது
பதினேழாம் தேதி, கிளீட்டஸின் வள்ளம்,
அறுநூற்று நாற்பது கிலோ,
இரண்டு மாநிலத்திலும் பிடிபட்டிருந்தது.
இங்கே இறக்கி அங்கே விற்றிருக்கிறார்.
அன்றிரவு அவளுக்கு இருக்கட்டும் என்று நான் அடித்தேன்.
எனக்கு இருக்கட்டும் என்று அவளும் அடித்தாள்.
காலையில் இரண்டு அறிக்கையும் போய்விட்டன.

இரவெல்லாம் வலையிழுத்து, கையறுந்து,
விற்று, தின்று, செரித்துவிட்ட அறுநூற்று நாற்பது கிலோ
எந்தக் கடலிலும் இல்லாமல் போனது.

தலைமையகம் அனுப்பிய வரைபடத்தில் கோடு இறங்குகிறது.
இறக்கம் உண்மைதான், பலகை சாட்சி.
ஆனால் அதன் சரிவில் ஒரு மயிரிழை
எங்கள் இருவருடைய மரியாதை.
திருத்தக் கடிதம் இரண்டு மொழியில் போட்டோம்.
பதில் இல்லை.

"எங்க சாளைய எழுதுனியா?"
தினமும் கேட்கிற மாதிரிதான் இன்றும் கேட்டார் கிளீட்டஸ்.
எழுதினேன் என்றேன்.
எழுதியதும் பொய்யில்லையே.

பன்னிரண்டு புள்ளி ஒன்று. பதினொன்று புள்ளி ஒன்பது.
ஐம்பதும் முடிந்து
உப்புத்தண்ணீர் ஊற்றிப் பலகையைத் தேய்க்கிறேன்,
பதினைந்தாம் கோட்டில் அந்தச் செதிலைச் சுற்றி.