இணைப்பு பதினான்கு

வெள்ளி மாலை நாலே முக்காலுக்கு வந்தது கடிதம்,
நான் எழுதியதாக.

பதினைந்து ஆண்டு அனுபவத்தில்
இவரைப் போல் ஒருவரைக் கண்டதில்லை
என்று சொல்லியிருக்கிறேன்.
ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது எனக்கு.
‘ஒப்பற்ற’ மூன்று இடத்தில்.
‘அமெரிக்க நாட்டின் நலனுக்கு இன்றியமையாதவர்’ ஓர் இடத்தில்.
அந்த நாட்டின் நலனைப் பற்றி
தருமபுரி நீர்ப் பரிசோதனைக் கூடத்தில்
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

கீழே ஒரு கோடு.
கோட்டுக்கும் கீழே தீர்த்தகிரி,
ஓர் எழுத்து குறைவாக.

கடிதம் நெடுக டாக்டர் மாதப்பன், டாக்டர் மாதப்பன்.
மாதப்பன் அவன் அப்பா.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் கிரேடு ஏற்றுகிறவர்,
நாலாவதோடு நின்றவர்.
இனிஷியலைப் பிரித்துக் குடும்பப் பெயராக்கியதில்
படிக்காமலே பட்டம் வாங்கிவிட்டார்.
எங்களுக்கு அவன் தவமணி.

விசாப் படத்தில் வாயை மூடியிருக்க வேண்டுமாம்.
பாலக்கோட்டுப் பக்கம்
போர்த் தண்ணீரில் பல் முளைத்த எங்களுக்கு
அந்த விதி சௌகரியம்தான்.

நூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள்.
நான் வண்டி ஓட்டினேன், அவன் பாட்டில் பிடித்தான்.
வெயில் ஏறிய பிறகு நான் பிடித்தேன்,
அவன் நிழலில் நின்று எண் எழுதினான்.
கட்டுரையில் நான் ஐந்தாவது ஆள்.
அதில் எனக்கு வருத்தமில்லை
என்று எழுதி, அடித்துவிட்டேன்.

மூன்றாம் பத்தியில்தான் பல்லில் கல் பட்டது:
‘இவர் வடிவமைத்த ஃப்ளூரைடு வடிகட்டி
தருமபுரி மாவட்டப் பள்ளி ஒன்றில்
இன்றும் பயன்பாட்டில் உள்ளது.’

‘இருந்தது’ என்று திருத்தி அனுப்பினேன்.
ஒரு மணி நேரத்தில் பதில். அவன் அல்ல,
வக்கீல் அலுவலகத்துப் பெண்:
தயவுசெய்து நிகழ்காலத்தை மாற்ற வேண்டாம்.

இரவு பதினொன்றுக்கு அவனே கூப்பிட்டான். அங்கே மதியம்.
“வேலை போயிடுச்சுடா. அறுபது நாள் டைம்.
அதுல பத்தொம்பது முடிஞ்சுது.
பாப்பா கிண்டர்கார்டன் போறா.
நீ போட்டா போடு, இல்லாட்டி பரவால்ல.”
பரவால்ல என்பதை
எங்கள் பக்கம் யாரும் அந்தக் குரலில் சொல்வதில்லை.

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை.
சத்துணவு செல்லியம்மாவிடம்தான் சாவி.
வடிகட்டியின் தலையில் முட்டை அட்டைகள்.
குழாய்க்குக் கைப்பிடி இல்லை,
துணி சுற்றிக் கட்டியிருந்தது.
“ரெண்டு வருசமா இப்படியேதான் சார் நிக்குது.
தண்ணி வரும். என்ன தண்ணின்னு தெரியாது.”

அதுவும் நிகழ்காலம்தான்.

கூடத்தில், தராசு மேசைக்கு அடியில்
பிரிக்காத அலுமினா மூட்டை,
அவன் கையெழுத்தில் தேதி.
பழையதை வாரிக் கொட்டினேன்.
புதியதை வெள்ளை நீர் தெளியும்வரை அலசி நிரப்பினேன்.
கைப்பிடி நூற்றிருபது ரூபாய்.
ரசீது வாங்கவில்லை, யாரிடம் கொடுக்க?
இருட்டுவதற்குள்
உள்ளே போனது மூன்று புள்ளி நான்கு,
வெளியே வந்தது பூச்சியம் புள்ளி ஏழு.
இரண்டு முறை பார்த்தேன்.
செல்லியம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு
ருசியே இல்லையே என்றாள்.

பதினைந்தை ஒன்பதாக்கினேன்.
பெயருக்கு அதன் எழுத்தைத் திருப்பித் தந்தேன்.
‘ஒப்பற்ற’ ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், கூடப் படித்தவன்.
உள்ளது, உள்ளபடி.
கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கட்டில் நான் இணைப்பு பதினான்கு.
எந்த மேசையில், எந்த விரல்
எச்சில் தொட்டுப் புரட்டப்போகிறதோ.

இந்த அலுமினா நாலு மாதம் தாங்கும்,
கோடை வந்தால் மூன்று.
மனுவுக்கு முடிவு தெரிய எத்தனை மாதம் என்று கேட்டேன்.
அவனுக்கும் தெரியவில்லை.

சாவிக்கு நகல் ஒன்று
செய்து வைத்துக்கொண்டேன்.