முப்பது பிரதிகள்

வெள்ளிக்கிழமை வெளியாகிறது.
மொத்தம் முப்பது கேசட்.
நான்கில் முகப்பு மை ஊறிப் பரவிவிட்டது.
கேட்டால், வேண்டுமென்றே செய்தோம் என்போம்.

முதல் பக்கம்
மேல்விஷாரம் தோல் ஷெட்டில் சுழலும் மர டிரம்.
முஸ்தாக் அங்கே கணக்கு எழுதுகிறான்.
இரவு ஷிப்டில் மேஸ்திரி டீக்குப் போகும்
இருபத்திரண்டு நிமிடம் எங்களுடையது.
திறந்தால் பாடுகிற பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்றின்
வயிற்றைக் கிழித்து எடுத்த பித்தளைத் தகட்டை
டிரம்மின் தாங்குகட்டையில் ஒட்டினோம், பிளாஸ்திரி போட்டு.
உள்ளே ஈரத்தோல்கள் ஏறின, விழுந்தன, ஏறின.
ஹெட்போனில்
சுண்ணாம்பு நாறியது என்றால் நம்ப மாட்டீர்கள்.

இரண்டாம் பக்கம் பாலாறு.
அதாவது மணல்.
பாலத்தடியில் ராத்திரி இரண்டு மணிக்கு
முழங்கை ஆழம் தோண்டி மைக்கைப் புதைத்தோம்.
மேலே பெங்களூர் லாரிகள் பால இணைப்பைத் தாண்டும்போதெல்லாம்
கீழே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.
அந்த ஒலியை எட்டு மடங்கு மெதுவாக்கியிருக்கிறோம்.
வேறொன்றும் செய்யவில்லை.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
ராகமும் தாளமும் இல்லாத பாட்டு ஒன்று
பட்டியலில் விட்டுப்போயிருந்தது.

தபால் நிலையத்தில் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து
“உள்ள என்னம்மா?” என்றார்.
கேசட்.
“பாட்டா?”
சத்தம், சார்.
போலந்துக்குப் போகிற படிவத்தில்
சத்தத்துக்குத் தனிக் கட்டம் இல்லை.
யோசித்து, ‘இதர பொருட்கள்’ என்று போட்டார்.
அந்தப் பெயரையே அடுத்த கேசட்டுக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன்.

நேற்று ராத்திரி கடைசிச் சரிபார்ப்பு.
ஹெட்போனில் இடது காது செத்துவிட்டதால்
ஸ்பீக்கரில் போட்டேன், மெதுவாகத்தான்.
தோட்டப்பாளையம் லாட்ஜில் மூன்றாவது மாடி.
வாடகைப் பலகையில் தமிழுக்கு மேலே வங்காளி எழுத்து.
இங்கே நான் ஒருத்திதான் வைத்தியத்துக்கு வராதவள்.
கதவு தட்டினார்கள்.
லுங்கி, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை,
மால்டாவிலிருந்து வந்திருக்கும் அடுத்த அறைக்காரர்.
எனக்கும் அரைகுறை இந்தி, அவருக்கும்.
மன்னிக்கணும், இதோ அணைக்கிறேன் என்றேன்.
வேண்டாம் என்று கை காட்டினார்.

காலையில் குழாய்க்குள் நாற்பது நிமிடம் படுத்திருந்தாராம்.
இதே சத்தம். அசையக் கூடாது என்றார்களாம்.
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.
வால்யூம் திருகை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.
கூட்டினார்.
குறைத்தார்.
முழுக்க அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
திரும்பவும் போட்டார்.
எங்கள் இசையை
இவ்வளவு கவனமாக யாரும் வாசித்ததில்லை.

இரண்டாம் பக்கம், பதினான்காவது நிமிடம்.
மணலுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்.
எட்டு மடங்கு இழுத்ததில்
மலை சரிகிற மாதிரி இருக்கும்.
அழகாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்று
நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.
அவர் திருகிலிருந்து கையை எடுத்தார்.
“இது ஆள்தானே?” என்றார்.
ஆமாம், நண்பன்.
“எத்தனை நாளா இருக்கு?
டாக்டர் என்ன சொன்னார்?”

கேசட் போட வீட்டில் ஒன்றும் இல்லையாம்.
இருந்தாலும் வாங்கிக்கொண்டார்,
மை பரவியதில் ஒன்றை, ஏழாம் எண்.
காலையில் அறை காலி.

முஸ்தாக்குக்குப் போன் போட்டேன்.
எத்தனை விற்றது என்றான்.
பன்னிரண்டு, என்றேன்.
அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது.
பதிவு செய்யும் எண்ணம் வரவில்லை.
அது முடியும்வரை காத்திருந்து
எத்தனை நாளாக என்று கேட்டேன்.