எடைச்சீட்டு

கோர்தெஸ் கடலின் மேற்குக் கரை.
சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து
தகரக் கொட்டகைக்குள் கால்வரை வந்துவிட்டது.
எதெல்வினா கத்தியை ரப்பர் பூட்ஸில் ஒரு தடவை தேய்த்துவிட்டு
முதல் பெட்டியைக் கவிழ்த்தாள்.

பதினோராவது மீன் அவளைப் பார்த்தது.

பார்ப்பது புதிதல்ல. மீன்கள் எல்லாம் பார்க்கும்,
இமை இல்லாததற்கான கூலி அது.
இது வாயாலும் பார்த்தது.
நாக்கு இருக்கவேண்டிய இடத்தில்
வெளிறிய கணுக்கணுவான ஓர் உடல்,
கடுகளவில் இரண்டு கரும்புள்ளிகள்.

நாக்குப்பூச்சியை அவளுக்குத் தெரியும்.
வாரத்துக்கு நாலைந்து அகப்படும்.
செவுள் வழியாக நுழையும், குருதி உறிஞ்சும்,
நாக்கு வற்றி உதிர்ந்ததும்
அந்த முளையின் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
இடுக்கியால் இழுத்தால் டக்கென்று வந்துவிடும்.
வாசலில் பெலிக்கன் காத்திருக்கும்.

இது வரவில்லை.
இழுத்தபோது மீனின் வால் துடித்தது.
வாலைக் கிள்ளினாள், பூச்சியின் கால்கள் மடங்கின.
கத்தி முனையால் லேசாக நெம்பிப் பார்த்தாள்:
பூச்சியின் வயிற்றுக்கும் மீனின் தொண்டைக்கும் நடுவே
வெள்ளை நூலாய் ஒரு நரம்பு.
யார் யாருக்குள் வேர் விட்டார்கள் என்பது
நூலைப் பார்த்தால் தெரியவில்லை.

"எண்ணூற்று நாற்பது கிராம்," என்றார் குமெர்சிந்தோ,
தராசின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து.
"பூச்சிக்கு நாற்பது கழிவு."
"எதை வெட்டி நாற்பது?"
"வழக்கம்."
"வழக்கத்தை இதில் எங்கே வெட்டுவது, காட்டுங்கள்."

அவர் குனிந்தார். விரலை உள்ளே விட்டார்.
வாய் மூடிக்கொண்டது, கடிக்காமல்,
சொல்ல வந்ததை விழுங்கிவிட்டவர் மூடுவதுபோல.
பேனாவைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.
சீட்டில் இரண்டே கட்டங்கள்.
மீன். கழிவு.

        இனி நான் சொல்கிறேன்.
        நான் என்பது சரியா தெரியாது.
        தமிழில் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது,
        அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நா கிடக்கிறது.
        என் நா தின்னப்பட்ட அன்று
        மிச்சம் இருந்தது புள்ளி வைத்த ஒரு ன்.
        சொல்லிப் பாருங்கள். மூக்கிலேயே முனகும்,
        முன்னே போகாது.
        அதன் முன்னால் ஒன்று வந்து குந்தியது.
        திருடியதுதான். ஆனாலும்
        மறுநாள் இறாலின் ருசி எனக்குத் தெரிந்தது.

        நாவைப் பிளந்து பாருங்களேன்:
        ந் ஒரு மெய், ஆ ஓர் உயிர்.
        எது வீடு, எது வந்தேறி?
        எழுதும்போது ஒற்றை எழுத்தாகத்தானே எண்ணுகிறீர்கள்.

        பசி வந்தால் யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை.
        நாங்கள் என்றால், எதெல்வினா, நீ வெளியே.
        நாம் என்றால் நீயும் உள்ளே.
        உன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லாமே.
        உன்னிடம் பேசாமல் வாயை மூடிக்கொண்டது
        அதனால்தான்.

செவுள் இன்னும் அசைந்தது, விட்டுவிட்டு.
குமெர்சிந்தோ கடைசியில் எழுதினார்.
மீன்: 0
கழிவு: 840
"உன் கணக்கில்தான் போகும்," என்றார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில், ஆனால் கேட்காமல்.
அவள் வாளியில் கடல்நீர் மொண்டு அதைப் போட்டு
படகுத்துறையின் முனைவரை நடந்தாள்.
பெலிக்கன் பின்னாலேயே வந்தது.
கொட்டியபோது பெலிக்கன் பாய்ந்ததா, தப்பித்ததா,
அலையில் சரியாகப் பார்க்க முடியவில்லை.
வாளியைக் கவிழ்த்து இரண்டு முறை தட்டினாள்.

திரும்பி வந்து சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.
கவனமாக எழுதும்போதெல்லாம்
அவளுடைய நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே வந்துவிடும்,
பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.
இன்று அதைக் கவனித்தாள்.
மெல்லக் கடித்துப் பார்த்தாள்.
வலித்தது.

அடுத்த பெட்டியைக் கவிழ்த்தாள்.