காளான்

வியன்னாவில் ஒரு ராசா
மகன் இல்லாமல் செத்துப்போனான்.
காளான் தின்று செத்தான் என்பார்கள்.
எல்லாம் என் மகளுக்கே என்று எழுதி
ஊர் ஊராய்க் கையெழுத்து வாங்கி வைத்திருந்தான்.
கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன்தான்
முதலில் குதிரை ஏறினான்.

ஆறு வருசம் கழித்து
அந்தக் காளான் இங்கே வந்து முளைத்தது,
ராயபுரத்துக் கரையில்,
ராயபுரம் என்று யாரும் கூப்பிடுவதற்கு முன்னால்.

கோட்டையைப் பிடித்த கதையை விடுங்கள்,
அதற்குப் புத்தகம் இருக்கிறது.
நான் சொல்வது கோட்டைக்கு வடக்கே,
எந்த ஏட்டிலும் இல்லாத,
நானே கட்டிய சண்டை.

பதினோரு பிரெஞ்சுக்காரர்கள், ஒரு சின்னப் பீரங்கி.
கரை இறக்கியது கன்னியப்பனின் மசூலாப் படகு.
ஆணி கிடையாது, கயிற்றுத் தையல்.
அலைக்கு வளையும், உடையாது.
பீரங்கிக்கு வளையத் தெரியாது.
மூன்றாவது அலையில் புரண்டு போச்சு.
பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது.

தாழைக்குப் பின்னாலிருந்து
இங்கிலீஷ்காரர்கள் சுட்டார்கள்.
கொடி பிடித்த பையன்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
திரும்பிப் பார்த்துவிட்டு
மணலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.
வியன்னா எந்தத் திசை என்று
அவனுக்கும் தெரிந்திருக்காது.

கன்னியப்பனுக்குத் தொடையில் ஒரு குண்டு.
யாருடையது என்று கேட்கவில்லை அவன்.
"கூலி யார் குடுப்பா?" என்றுதான் கேட்டான்.
அதற்குள் ரெண்டு பக்கமும் பின்வாங்கி
ரெண்டு பக்கமும் ஜெயித்ததாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இடத்தைக் காட்டு என்றால் காட்ட முடியாது.
துறைமுகம் வந்தபின் கடல்
வடக்குக் கரையைத் தின்றுகொண்டே வந்தது.
அந்த மணல் இப்போது தண்ணீருக்கடியில்.
இந்தப் பக்கம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லில் ஒன்றின்மேல்தான்
உட்கார்ந்திருக்கிறேன்,
தேசம்மா, எட்டியப்பனின் அண்ணன் மகள்.
அப்பா தன் ஃபைபர் போட்டை
முத்திரைத்தாளில் எனக்கு எழுதினார்.
சாட்சிக் கையெழுத்து சித்தப்பா எட்டியப்பன்.
காரியம் முடிந்த மறுநாள்
"பொட்டச்சிக்கு எதுக்குடி போட்டு" என்று
இன்ஜினைக் கழற்றித்
தோளில் போட்டுக்கொண்டு போனவரும் அவரே.

திங்கட்கிழமை வாய்தா.
வக்கீலுக்குக் கொடுக்க ரெண்டாயிரம் குறைகிறது.
காசிமேட்டில் ஏலம் கத்துவது இங்கே கேட்கிறது,
வஞ்சிரம் இன்று விலை ஏறியிருக்கிறது.

இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடி
என் பையில், டிபன் பாக்சுக்கு அடியில் இருக்கிறது.
அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.