மேற்படி

ஒரே வள்ளத்தில்தான் வந்தார்கள்.
இருவருக்கும் நடுவில்
ஐஸ் பெட்டியைக் கிடத்தியிருந்தானாம் ஓட்டி,
கோடியக்கரை வரைக்கும்
ஒருவன் கை மற்றவன்மேல் பட்டுவிடாமல்.

வேதாரண்யம் ஆஸ்பத்திரியில் அன்று
காலி இரண்டே கட்டில்,
அதுவும் பக்கத்துப் பக்கத்தில்.
ஏழுக்கு விலாவில் குண்டு.
எட்டுக்கு முழங்காலுக்குக் கீழே
சாரம் மட்டும்.
ராணுவமா சுட்டது என்று கேட்டேன்.
"ஓம்" என்றது ஏழு.
எட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தது.

இயக்கத்தின் பெயரை இருவரும் சொல்லவில்லை.
ஊர் என்ற கட்டத்தில்
சிஸ்டர் லூர்துமணி எழுதினார்: கரவெட்டி.
அதற்குக் கீழே: மேற்படி.
பள்ளிக்கூடமும் மேற்படியாக இருந்திருக்கலாம்,
அதற்குக் கட்டம் இல்லை.
ரத்தம் மேற்படி.
இருந்தது ஒரு பாட்டில்.
நாகைக்குப் போன வண்டி இன்னும் திரும்பவில்லை.

நான் கடைமடைக்காரன்.
முறைத்தண்ணீர் ராத்திரிகளில்
மண்வெட்டியோடு வரப்பில் நின்றவன்.
பெரியப்பா மகன் மண்டையைப் பிளந்ததும்
அதே மண்வெட்டிதான்.
எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
அன்று
பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நான்,
ஊசியோடு சிஸ்டர்.
வெளியே உப்பு லாரி ஒன்று
கியர் மாற்றிப் போயிற்று.
சிஸ்டர் என்னைப் பார்த்தார்.
நான் பாட்டிலைப் பார்த்தேன்.

விடிந்ததும் இரண்டு ஜீப்.
புளியமரத்துக்கு அந்தண்டை ஒன்று, இந்தண்டை ஒன்று.
முதலில் இறங்கியவன் கேட்டான்:
"செத்தது எந்தப் பக்கம்?"

ஜன்னல் பக்கம் என்றேன்.