பாலாறு பதிவை நீக்கவா

ராணிப்பேட்டை, தோல் கம்பெனி, திங்கள் காலை.
பாதிப் பேருக்கு லாகின் ஆகவில்லை.
மதியத்துக்குள் கன்டெய்னர் கிளம்பணும் என்று
ஏற்றுமதிப் பிரிவு முபீனா
என் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார்.

எண்ணைக் கொடுத்து பிங் அடித்தால்
உடனே வருகிறது.
பெயரைக் கொடுத்தால்
ஒருமுறை உண்டு, மறுமுறை ஆளில்லை.
வெளியே தலைகீழ்:
நவல்பூரில் கதவு எண் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்,
பெயர் சொன்னால்
வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

எனக்கு முன்னிருந்த ஞானசிகாமணி
சர்வர்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்தவர்.
பொன்னை ஓடுகிறது.
பாலாறு ஆடி மாதமே புகைந்து
காயலான் கடைக்குப் போய்விட்டது.
நேம் சர்வரிடம் அதை யாரும் சொல்லவில்லை.
கேட்டு வருகிறவர்களில் பாதியை
அது இன்னும் அங்கேதான் அனுப்புகிறது,
கூசாமல், முழு முகவரியோடு.

வலது கிளிக்.
பாலாறு: இந்தப் பதிவை நீக்கவா, நிச்சயமாகவா
என்கிறது திரை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாலம்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
யாரோ காயப்போட்ட தார்ப்பாய்.
மேலே நெடுஞ்சாலைத் துறையின் பச்சைப் பலகை,
அதே பெயர்.

"சார், கன்டெய்னர்."

ஆம் என்று அழுத்தி,
கேஷையும் கழுவிவிட்டு,
மறுபடி கூப்பிடுகிறேன்.
பொன்னை பதில் சொல்கிறது
நான்கு தடவை.