பதினான்கு, மேலிருந்து கீழ்

அடைமழை. கிரிம்ஸ்பியில்
'மூன்று ஹெர்ரிங்' மதுக்கடையின் மாடி.
ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில் ஒரு சனிக்கிழமை,
குறுக்கெழுத்துக்காரர்கள் கூடுவார்கள்.
புதிர் போடுகிறவர்களின் சட்டையில் புனைபெயர் குத்தியிருக்கும்:
பூரான், பாதிரி, ஈயம், ஞாயிற்றுக்கிழமை.
மேவிஸ் ஓல்ட்ராய்டின் அட்டையில் நண்டு.
கேட்டால், வேறெப்படி, எனக்குக் குறுக்கேதானே நடக்க வரும் என்பார்.
ஓய்வுபெறும்வரை பேருந்துக் கால அட்டவணை போட்டவர்.
வராத வண்டிக்கு நேரம் குறித்தே பழகிய கை என்று
ஐவர் டன்னிக்ளிஃப் ஒருமுறை சொன்னார்,
சிரிக்காமல்.

துப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம்.
சிரிக்கிற முகத்தை நம்பினால் தொலைந்தோம்.
நண்டின் துப்புகள் இங்கிலீஷில் மட்டுமே மூச்சுவிடும்,
கரைக்கு இழுத்தால் செத்துப்போகும்.
சாயலுக்கு ஒன்று, நானே தைத்தது:
பரிவின் தலையில் கொக்கி மாட்ட, விலகிப்போகும் (3).
பிரிவு.
செருப்புக்குள் உறுத்திய கல் கீழே விழுந்ததுபோல
ஒரு சின்ன 'அட'.
அதற்காகத்தான் இத்தனை பேர்
இரண்டு ரயில் மாறி, கோட்டு நனைந்து,
வினிகர் நெடியடிக்கும் இந்த அறைக்கு வருவது.

பிணக்கு பதினோரு வருடப் பழசு.
அன்றைய புதிரில் பதினான்கு, மேலிருந்து கீழ்.
குலைத்து அடுக்க வேண்டிய எழுத்துகள் துப்பிலேயே இல்லை.
வேறொரு சொல்லை ஊகித்து, பிறகு அதைக் குலைக்க வேண்டும்.
'பூட்டின் சாவியை இன்னொரு பூட்டுக்குள் வைத்துவிட்டு
அம்மையார் என்னைச் சோம்பேறி என்கிறார்'
என்று ஐவர் மூன்று பக்கம் எழுதினார், பச்சை மையில்,
கூட்டத்தின் காலாண்டு மடலுக்கு.
மேவிஸ் பதில் போடவில்லை.
அடுத்த மாதப் புதிரில் 'முணுமுணுக்கும் மீன்காரன்' என்று
ஒரு துப்பு வந்தது, அவ்வளவுதான்.
ஐவர் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர்.
அதிலிருந்து ஒரே அறை, பெரும்பாலும் ஒரே மேசை.
உப்புக் குடுவையை ஒருவர் பக்கம் ஒருவர் நகர்த்துவார்கள்.
பேச்சு கிடையாது.

சரியாக மூன்று மணிக்கு இந்த வருடப் புதிரைக் கொடுத்தார்கள்.
நண்டு போட்டது.
இருபத்திரண்டு நிமிடம்; ஐவர்தான் முதல்.
பேனாவை மூடினார். 'சதையே இல்லை. வெறும் ஓடு.'
தாளை நாலாய், எட்டாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் செருகினார்.
அதற்குப் பிறகுதான், ஒவ்வொருவராக, நாங்கள் பார்த்தோம்:
கட்டங்களின் வெளி ஓரத்தில்,
இடது மூலையில் தொடங்கி,
இரண்டே சொல்.
பாதிரி இருமினார். ஈயம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடியும் துடைத்தார்.
யாரும் வாய் திறக்கவில்லை.
கேட்காதவரிடம் விடை சொல்வது
இந்த மாடியில் பாக்கெட் அடிப்பதற்குச் சமம்.
உங்களிடமும் சொல்ல மாட்டேன்.
வேண்டுமானால் இந்தப் பத்திகளின் தலைகளைத்
தொட்டுத் தொட்டு இறங்கிப் பாருங்கள்.
மேவிஸ் வறுவலை எண்ணி எண்ணித் தின்றார்.
மேசை ஆடவில்லை.

குனிந்தார் ஐவர், ஏழரை வண்டிக்குக் கிளம்பும்போது.
தாளை உருவிக்கொண்டு
அந்த இடத்தில் ஒரு பியர் அட்டையைச் செருகினார்.
மடிப்பைப் பிரிக்கவில்லை.
அப்படியே கோட்டின் உள்பைக்குள் போட்டார்.
நிமிரும்போது முழங்கால் முரண்டியது,
மேசையைப் பிடித்துக்கொண்டார்.
'பதினான்கு' என்றார், ஜன்னலைப் பார்த்து.
'அன்றைக்கே போட்டுவிட்டேன்.
நல்ல சொல்தான்.'
மேவிஸ் உப்புக் குடுவையை அவர் பக்கம் நகர்த்தினார்,
தட்டை எப்போதோ எடுத்துப்போய்விட்ட
இடத்துக்கு.